சிறுவிடைக் கோழியைக் கொஞ்சம் உருப்படிகளை வைத்தே ரத்தம் குறுகாமல் பெருக்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

நாலாவது வருஷம் மாசியில் ஒரு பெட்டைக்கு 12 முட்டை அடை வைத்தேன். பொரித்தது 5. மிச்சம் 7 முட்டையையும் வாசலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்தேன். இரண்டு கூமுட்டை, கருவே பிடிக்காதது. இரண்டில் ரத்த வளையத்தோடு கரு நின்றுபோயிருந்தது. மற்ற மூன்றிலும் முழுக் குஞ்சு, மயிர் முளைத்து, கால் நகம்கூட வந்து, ஓட்டில் ஒரு கொத்துக்கூடக் கொத்தாமல் செத்துக் கிடந்தது. அந்தப் பெட்டையின் தாய் முதல் வருஷம் அதே கூடையில் 12 முட்டை வைத்து 11 பொரித்தவள். தீவனம் மாறவில்லை, இடம் மாறவில்லை, சேவலும் மாறவில்லை. அந்தச் சேவல்தான் விஷயம். நல்ல உயரம், நல்ல கொண்டை, குணமான சேவல் என்று நாலு வருஷம் அவனையே விட்டிருந்தேன். முதலில் தன் பெட்டைகளோடு சேர்ந்தான், பிறகு மகள்களோடு, பிறகு பேத்திகளோடு.

ஊரில் இதை "ஒரே ரத்தமாப் போச்சு" என்று சொல்வார்கள். புத்தகத்தில் உள்ளினச் சேர்க்கை, அதாவது நெருங்கிய சொந்தத்துக்குள்ளேயே சேர்வது. கலப்பினக் கோழிதான் வளர்க்கிறீர்கள் என்றால் இது பெரிய கவலையே இல்லை, பண்ணையில் புதுக் குஞ்சு வாங்கிக்கொள்ளலாம். சிறுவிடை, அதாவது சின்ன உடம்புள்ள நாட்டுக்கோழி, அப்படி இல்லை. வனராஜா, கிராமப்பிரியா, கிரிராஜா போன்ற கலப்பினங்கள் எல்லாம் ஊர் ஊராகப் போய் எல்லாவற்றோடும் கலந்த பிறகு, அந்தச் சின்ன உடம்பு, மெல்லிய கால், 10 முதல் 15 முட்டை இட்டதும் தானாக அடைக்குப் படுக்கிற குணம், பருந்து நிழல் விழுந்தாலே குஞ்சுகளை இறக்கைக்குள் அள்ளுகிற புத்தி, இதெல்லாம் மாறாமல் இருக்கிற கோழி கிடைப்பதே அரிதாகிவிட்டது. கையில் இருக்கிற 15, 20 உருப்படிதான் மூலதனம். அதை வைத்துக்கொண்டு பத்து வருஷம் கழித்தும் முட்டைக்குள் குஞ்சு சாகாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பதுதான் இங்கே.

முதலில் ஒரு கணக்கு

கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், மற்ற எல்லாமே இதிலிருந்துதான் வருகிறது.

"என்னிடம் 11 கோழி இருக்கிறது, 10 பெட்டை, 1 சேவல்" என்று சொன்னால், மரபுக் கணக்கில் அது 11 இல்லை. ஒவ்வொரு குஞ்சுக்கும் பாதி ரத்தம் தகப்பனிடமிருந்து வருகிறது. தகப்பன் ஒருவனே என்றால் அடுத்த தலைமுறையின் பாதி முழுக்க அந்த ஒருவன்தான். இதற்கு ஒரு சூத்திரம் இருக்கிறது: சேவல் எண்ணிக்கையைப் பெட்டை எண்ணிக்கையால் பெருக்கி, அதை 4-ஆல் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். 1 சேவல், 10 பெட்டைக்கு 40-ஐ 11-ஆல் வகுத்தால் 3.6 வரும். அதாவது 11 கோழிக்குத் தீவனம் போடுகிறீர்கள், ஆனால் ரத்தத்தின் அகலம், அதாவது மரபு வேறுபாடு, 4 கோழிக்குக்கூடக் காணாது.

அதே சூத்திரத்தில் 4 சேவல், 12 பெட்டையைப் போட்டுப் பாருங்கள். 192-ஐ 16-ஆல் வகுத்தால் 12. கூடுதலாகத் தீவனம் போட்டது 5 உருப்படிக்கு, அகலமோ மூன்று மடங்குக்கு மேல்.

நஷ்டம் எவ்வளவு என்று கேட்டால், 1-ஐ அந்த எண்ணின் இரு மடங்கால் வகுத்துக்கொள்ளுங்கள். ஒற்றைச் சேவல் கூட்டத்தில் ஒவ்வொரு தலைமுறைக்கும் ஏறத்தாழ 14 விழுக்காடு மரபு வேறுபாடு போய்விடும். ஐந்து தலைமுறையில் பாதி காலி. 4 சேவல், 12 பெட்டை என்றால் தலைமுறைக்கு 4 விழுக்காடுதான் போகும், ஐந்து தலைமுறைக்குப் பிறகும் 80 விழுக்காடு கையில் இருக்கும். பெட்டையை மட்டும் கூட்டி இந்த ஓட்டையை அடைக்க முடியாது. ஒரே சேவலோடு 100 பெட்டை வைத்தாலும் அந்த எண் 4-ஐத் தாண்டவே தாண்டாது.

அதனால் வீட்டில் சேவல் அதிகமாகிவிட்டது, சண்டை போடுகிறது, இரண்டை அறுத்துவிடலாம் என்று தோன்றும்போது இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

உறவுக்குள் சேர்ந்தால் எவ்வளவு நெருக்கம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். தகப்பனும் மகளும், அல்லது உடன்பிறந்த அண்ணனும் தங்கையும் சேர்ந்தால் குஞ்சின் உள்ளினச் சேர்க்கை அளவு 25 விழுக்காடு. தாய் வேறு, தகப்பன் ஒன்று என்றால் 12.5. தாத்தனும் பேத்தியும் அதே 12.5. ஒன்றுவிட்ட அண்ணன் தங்கை 6.25. தவிர்க்க முடியாத நேரத்தில் கடைசியில் சொன்னதை ஏற்கலாம். முதலில் சொன்ன இரண்டையும் தெரிந்தே செய்யக் கூடாது.

முதல் படி: நாலு ஊரிலிருந்து நாலு குடும்பம்

தொடக்கக் கோழிகளைச் சேர்ப்பதில்தான் அவசரப்படக் கூடாது. சந்தையில் ஒரே கூடையில் இருக்கிற 6 கோழியை வாங்கினால் அது பெரும்பாலும் ஒரே வீட்டு உடன்பிறப்புகள். பார்க்க வேறு வேறு நிறமாக இருக்கும். நிறத்தை வைத்து உறவைச் சொல்ல முடியாது, நாட்டுக்கோழியில் ஒரே அடையில் கறுப்பும் சிவப்பும் புள்ளியும் பொரிக்கும்.

குறைந்தது 4 ஊர், ஒன்றுக்கொன்று 20, 30 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் நல்லது. ஒவ்வொரு ஊரிலும் கலப்பினக் குஞ்சு வாங்காத வீடாகப் பார்த்து ஒரு சேவலும் மூன்று பெட்டையும். வாங்கப் போனால் விலையைக் கேட்பதற்கு முன்னால் கதையைக் கேளுங்கள். ஒரு வீட்டில் அப்பத்தா ஒருவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"இது எத்தன வருஷமா உங்க வீட்ல இருக்கு அப்பத்தா?"

"எம் மாமியா காலத்துலேருந்து இருக்குப்பா. சாவ மட்டும் அப்பப்ப மேலத்தெருவுல மாத்திக்குவோம். எங்கூட்டுச் சாவ அவுகளுக்கு, அவுகூட்டுது எனக்கு. இல்லாட்டி குஞ்சு நிக்காது."

சேவலை மாற்றிக்கொள்ளாவிட்டால் குஞ்சு நிற்காது. சூத்திரம் எதுவும் படிக்காமலே அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்தது இதுதான். எல்லா வீட்டிலும் கோழி இருந்த காலத்தில் ஊர் முழுக்க ஒரே பெரிய கூட்டம் மாதிரி, சேவல்கள் வேலி தாண்டி அந்த வேலையைப் பார்த்துக்கொண்டன. இப்போது தெருவுக்கு இரண்டு வீட்டில்தான் கோழி இருக்கிறது, அதனால் அந்த வேலையை நாம் கணக்குப் போட்டுச் செய்ய வேண்டியிருக்கிறது.

வாங்கும்போது எடையைப் பாருங்கள். வளர்ந்த பெட்டை ஒன்றரைக் கிலோவுக்கு மேல் போனால் எனக்குச் சந்தேகம் வரும், பெரிய உடம்புள்ள நாட்டுக்கோழியான பெருவிடையோ கலப்போ உள்ளே இருக்கலாம். முடிந்தால் குஞ்சோடு இருக்கிற தாய்க்கோழியாக வாங்குங்கள். அடைகாத்து, பொரித்து, காப்பாற்றியும் காட்டிவிட்டது, அதைவிடப் பெரிய சான்று வேறு என்ன வேண்டும்? வந்ததும் 30 நாள் தனியாக வையுங்கள், மற்ற கோழிகள் இருக்கிற பக்கமே வேண்டாம். தீவனப் பாத்திரமும் தனி, அங்கே போய்விட்டுக் கை கால் கழுவாமல் இங்கே வரவும் கூடாது.

இரண்டாம் படி: நிறமும் நோட்டும்

நாலு குடும்பத்துக்கும் ஒரு நிறம்: சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம். பெரிய கோழிக்குப் பிளாஸ்டிக் கால் வளையம் போதும். ஒரு விதியை மட்டும் மறக்கக் கூடாது: குஞ்சுக்கு எப்போதும் தாயின் நிறம்தான், தகப்பன் எந்த நிறமாக இருந்தாலும் சரி.

குஞ்சுக்கு வளையம் நிற்காது, கால் வளர வளர இறுகவும் செய்யும். அதற்குப் பழைய வழி ஒன்று உண்டு. ஒரு நாள் குஞ்சின் கால் விரல்களுக்கு இடையில் மெல்லிய சவ்வு இருக்கும், ஒரு காலுக்கு இரண்டு, ஆக நாலு. அதில் சின்னத் துளை போடுகிற கருவி இருக்கிறது. துளை இருக்கிறது, இல்லை என்று நாலு இடத்தையும் மாற்றி மாற்றிப் போட்டால் 16 விதமான அடையாளம் கிடைக்கும், 12 தாய்க்கும் ஆளுக்கொன்று கொடுத்த பிறகும் மிச்சம் இருக்கும். துளை போட்டதும் அந்தச் சவ்வுத் துணுக்கு முழுதாக விழுந்துவிட்டதா என்று பாருங்கள், ஒட்டிக்கொண்டிருந்தால் மூடிக்கொள்ளும். ஒரு வாரம் கழித்து மறுபடியும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

நோட்டில் ஒரு கோழிக்கு ஒரு பக்கம். எண், நிறம், தாய், தகப்பன், பொரித்த தேதி, அப்புறம் வருஷா வருஷம் எத்தனை முட்டை வைத்தோம், எத்தனை கூமுட்டை, எத்தனை முட்டைக்குள்ளேயே செத்தது, எத்தனை பொரித்தது, இரண்டு மாதத்தில் எத்தனை உயிரோடு இருந்தது. மனதில் இருக்கும் என்று விடாதீர்கள். இரண்டு வருஷத்தில் எந்தச் சிவப்புப் பெட்டை எதன் மகள் என்று நமக்கே குழம்பிவிடும்.

மூன்றாம் படி: அறை பிரிப்பது, காத்திருப்பது

வருஷம் முழுக்க அடைத்து வைக்க வேண்டியதில்லை, சிறுவிடை அதற்கான கோழியும் இல்லை. மேய்ச்சலில் எல்லாம் ஒன்றாகத் திரியட்டும். பொரிக்க வைக்கிற விதை முட்டை எடுக்கிற இரண்டு இரண்டரை மாதம் மட்டும் நாலு அறை வேண்டும். அறைக்கு 8 அடிக்கு 6 அடி இருந்தால் ஒரு சேவல், மூன்று பெட்டைக்குத் தாராளம். அறைகளுக்கு இடையில் கீழே இரண்டு அடி உயரத்துக்குத் தகரமோ கீற்றோ வைத்து மறைத்துவிடுங்கள், மேலே வலை போதும். மறைப்பு இல்லாவிட்டால் சேவல்கள் நாள் முழுக்க வலைக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் முட்டிக்கொண்டு கொண்டையில் ரத்தமாக நிற்கும், பெட்டைப் பக்கம் திரும்பிப் பார்க்காது.

நிறையப் பேர் கோட்டை விடுகிற இடம் இதுதான்: பெட்டையின் கருப்பாதையில் சேவலின் விந்து தங்கி இருக்கும். சேவலைப் பிரித்த பிறகும் இரண்டு வாரம் வரை, சில பெட்டையில் மூன்று வாரம் தாண்டியும்கூடக் கருவுள்ள முட்டை வரும். இன்றைக்கு அறையில் விட்டு நாளைக்கே முட்டை எடுத்தால் அது பழைய சேவலின் குஞ்சாக இருக்கலாம். குறைந்தது 3 வாரம், நான் 4 வாரம் விடுகிறேன். காத்திருக்கிற அந்த வாரங்களில் வருகிற முட்டையை வீட்டுச் சமையலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

என் நாட்காட்டி சுலபமானது. மார்கழி முதல் வாரம் அறை பிரிப்பேன். பொங்கல் முடிந்த பிறகு வருகிற முட்டைதான் விதை முட்டை. தைக் கடைசியிலும் மாசியிலும் பொரித்த குஞ்சு சித்திரை வெயிலுக்குள் தேறிவிடும். கோடை உச்சத்தில் சேவலுக்கும் வீரியம் குறையும், முட்டையும் கெடும், ஐப்பசி கார்த்திகை அடைமழையில் குஞ்சுகளுக்கு நோய் தொல்லை.

பக்கத்து வீட்டுச் சேவல் ஒன்று சுவர் ஏறி ஒரே ஒரு தடவை உள்ளே வந்துவிட்டாலும் அந்த அறைக்கு மறுபடியும் முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். அதனால் மேலேயும் வலை போட்டுவிடுங்கள்.

நான்காம் படி: முட்டைக்குத் தாய் பெயர்

ஓர் அறையில் மூன்று பெட்டை இருந்தால் எந்த முட்டை எதனுடையது என்று எப்படித் தெரியும்? ஒரு வாரம் கவனித்தால் தெரிந்துவிடும். ஒவ்வொரு பெட்டையின் முட்டைக்கும் ஒரு வடிவம் உண்டு, ஒன்று நீண்டு கூராக இருக்கும், ஒன்று உருண்டை, ஒன்று லேசாகச் சிவந்த ஓடு. பெட்டை அதே வடிவத்தில்தான் பெரும்பாலும் இட்டுக்கொண்டிருக்கும். சந்தேகம் வந்தால் கேறிக்கொண்டு கூட்டைத் தேடுகிற நேரத்தில் அந்தப் பெட்டையை மட்டும் பஞ்சாரத்தில் கவிழ்த்துவிட்டு, இட்டதும் திறந்துவிடலாம்.

எடுத்ததும் பென்சிலால் பெட்டை எண்ணும் தேதியும் எழுதுங்கள். மை வேண்டாம், ஓட்டில் நுண்ணிய துளைகள் இருக்கின்றன. கூட்டில் ஒரு முட்டையை மட்டும் விட்டுவைத்தால் பெட்டை இடம் மாறாமல் இட்டுக்கொண்டே இருக்கும். சேர்த்து வைக்க அகலப் பானையில் ஈர மணல், அதன்மேல் இன்னொரு சின்ன மண்சட்டி, அதற்குள் முட்டை, கூர்ப்பக்கம் கீழே. ஒரு வாரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

அடைக்கோழியில் வைப்பதா, இன்குபேட்டரா? இரண்டும் செய்யலாம். அடைக்கோழிக்கு 10 முதல் 12 முட்டை, ஒரு கோழிக்கு ஒரே தாயின் முட்டை கிடைத்தால் மிக நல்லது, இல்லாவிட்டால் ஓர் அறையின் முட்டை மட்டுமாவது. இன்குபேட்டர் என்றால் 37.5 டிகிரி, முதல் 18 நாள் ஈரப்பதம் 50 முதல் 55 விழுக்காடு, கடைசி மூன்று நாள் 65-க்கு மேல், 18-ஆம் நாளோடு முட்டையைத் திருப்புவதை நிறுத்திவிட வேண்டும். அன்றைக்கே இன்னொரு வேலை: ஒவ்வொரு தாயின் முட்டையையும் தனித்தனி நைலான் வலைப்பையில் போட்டு, வாயைத் தளர்வாகக் கட்டி, உள்ளே ஒரு சீட்டு. 21-ஆம் நாள் காலையில் திறக்கும்போது 40 குஞ்சும் ஒன்றாக ஓடினால், அத்தனை மாத உழைப்பும் அந்த ஒரு நிமிஷத்தில் போய்விடும். பையிலிருந்து எடுத்து, துளை போட்டு, நோட்டில் எழுதிய பிறகுதான் குஞ்சுக்குச் சூடு கொடுக்கிற புரூடருக்கு.

பெட்டைக்கு 8 முட்டை வைத்தால் 6 பொரித்து 4 தேறும், அதில் இரண்டு பெட்டைக்குஞ்சு என்று ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 96 முட்டை. கேட்கப் பெரிதாக இருக்கும், ஆனால் வாரம் 15, 20 என்று வைத்தால் ஒன்றரை மாதத்தில் முடிந்துவிடும்.

ஐந்தாம் படி: யாரை வைத்துக்கொள்வது

இந்த இடத்தில்தான் மனது நம்மை ஏமாற்றும். 45 குஞ்சு தேறி நிற்கும்போது கண்ணுக்கு அழகான 16-ஐப் பொறுக்கத் தோன்றும். அப்படிப் பொறுக்கினால் அதில் 9, 10 ஒரே தாயின் குஞ்சாக இருக்கும், நல்ல பெட்டையின் குஞ்சு எல்லாமே நன்றாகத்தானே இருக்கும். நாலு சேவல், 12 பெட்டை வைத்திருந்தும் அடுத்த தலைமுறை மூன்று பெட்டையின் பிள்ளைகளாகச் சுருங்கிவிடும்.

விதி இது: ஒவ்வொரு சேவலுக்கும் ஒரு மகன், ஒவ்வொரு பெட்டைக்கும் ஒரு மகள். அவ்வளவுதான். அந்தத் தாயின் மகள்களில் சிறந்தது எது என்று பாருங்கள், மொத்தத்தில் சிறந்தது எது என்று பார்க்காதீர்கள். சமமாகப் பங்கு கொடுத்தால் தலைமுறைக்கு 4 விழுக்காடு என்று சொன்ன இழப்பு 2.6-க்கு இறங்கிவிடும். கூடுதலாக ஒரு கோழிகூட வாங்காமல், கூடுதலாக ஒரு படி கம்புகூடப் போடாமல் கிடைக்கிற லாபம்.

சிறுவிடைக்கு இதில் இன்னொரு பெரிய நன்மை இருக்கிறது. இன்குபேட்டரில் வைக்கிறவர்கள் முட்டை கிடைக்கிறபடி வைத்துக்கொண்டே போவார்கள். அடைக்குப் படுக்காத பெட்டை நிறைய முட்டை இடும், அதனால் அதன் குஞ்சு நிறைய வரும். நல்ல அடைக்கோழி 12 இட்டுவிட்டுப் படுத்துவிடும், அதன் குஞ்சு குறைவாக வரும். யாரும் வேண்டுமென்று செய்யாமலே சில தலைமுறையில் அடைகாக்கும் குணம் கரைந்துபோகும். அந்தக் குணம் போன பிறகு நம்மிடம் இருப்பது சின்னதாக இருக்கிற ஏதோ ஒரு கோழி, சிறுவிடை இல்லை. தாய்க்கொரு மகள் என்ற விதி இதைத் தானாகவே தடுக்கிறது. இதற்கு மேல், மகனை எந்தத் தாயிடமிருந்து எடுப்பது என்பதில் நமக்கு உரிமை இருக்கிறதே, அங்கே நல்ல அடைக்கோழியின் மகனைத் தேர்ந்தெடுங்கள். அடுத்த முறை வேறு தாயின் மகன்.

ஒதுக்க வேண்டியவை: அலகு ஒன்றின்மேல் ஒன்று பொருந்தாதது, விரல் வளைந்தது, முதுகு வால் ஒருபக்கம் சாய்ந்தது, எப்போதும் உறங்கிக்கொண்டே நிற்பது. ஒரே தாய் தகப்பனுக்கு இப்படி இரண்டு மூன்று குஞ்சு வந்தால் அந்தக் குறை இரண்டு பேருக்குள்ளும் மறைந்து இருக்கலாம், நோட்டில் சிவப்பு மையில் எழுதிவிட்டு அந்த ஜோடியை மறுபடி சேர்க்காதீர்கள். நாலு சேவலுக்கும் ஆளுக்கொரு மாற்றுச் சேவலையும் ஒரு வருஷமாவது வைத்திருங்கள். கீரி ஒரு ராத்திரியில் ஒரு குடும்பத்தின் ஆண்வாரிசையே எடுத்துவிடும்.

ஆறாம் படி: சேவலை நகர்த்துவது

பெட்டைகள் தாய் வீட்டிலேயே இருக்கும். சேவல்கள்தான் அறை மாறும். வரிசை: சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், மறுபடி சிவப்பு.

முதல் தலைமுறைப் பிள்ளைகள் பருவத்துக்கு வந்ததும் ஒவ்வொரு மகனும் அடுத்த அறைக்கு. சிவப்பு மஞ்சளுக்கு, மஞ்சள் பச்சைக்கு, பச்சை நீலத்துக்கு, நீலம் சிவப்புக்கு. எந்த உறவும் இல்லை.

இரண்டாம் தலைமுறையில் மறுபடியும் அடுத்த அறைக்கே தள்ளினால் ஒன்றுவிட்ட உறவு வந்துவிடும். மஞ்சள் பெட்டையின் தகப்பன் ஒரு சிவப்புச் சேவல், இப்போது வருகிற சிவப்புச் சேவலின் தாய் அவனுடைய சகோதரி. அதனால் இந்த முறை ஓர் அறையைத் தாண்டி வையுங்கள்: சிவப்பு பச்சைக்கு, பச்சை சிவப்புக்கு, மஞ்சள் நீலத்துக்கு, நீலம் மஞ்சளுக்கு. காகிதத்தில் வரைந்து பாருங்கள், அத்தை மகன் முறைகூட வராது. மூன்றாம் தலைமுறையிலிருந்து எப்படி வைத்தாலும் எல்லாரும் எல்லாருக்கும் தூரத்துச் சொந்தம்தான், ஆனால் தூரம் சமமாக இருக்கும். அங்கிருந்து மறுபடி முதல் முறைக்கே திரும்பிவிடலாம்.

மூன்று அறைக்குத்தான் வசதி என்றாலும் இதையே செய்யலாம், உறவு ஒரு தலைமுறை முன்னதாகவே தொடங்கும், அவ்வளவுதான். இரண்டு அறை என்றால் ஏதாவது செய்து மூன்றாவதற்கு இடம் பாருங்கள்.

இதையெல்லாம் வருஷா வருஷம் செய்ய வேண்டுமா? வேண்டாம். இழப்பு தலைமுறைக் கணக்கில்தான் நடக்கிறது, ஆண்டுக் கணக்கில் இல்லை. நல்ல பெட்டை மூன்று நாலு வருஷம் நன்றாக முட்டை இட்டுப் பொரிக்கும். ஒரு வயதிலேயே மாற்றுகிறவர் பத்து வருஷத்தில் பத்துத் தலைமுறை இழப்பைச் சந்திப்பார், இரண்டரை வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுகிறவருக்கு நாலுதான். அதோடு, மூன்று வயது வரை நோயைத் தாண்டி நின்ற தாயின் குஞ்சு என்பதும் ஒரு தேர்வுதானே.

பொரிக்காத முட்டை சொல்வது

7-ஆம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்திக் கால் மாதிரி ரத்த நாளம் பரவியிருந்தால் கரு இருக்கிறது. தெளிவாக இருந்தால் கூமுட்டை. இந்த இரண்டையும் பிரித்து எழுதுவது ரொம்ப முக்கியம். கூமுட்டை அதிகமானால் முதலில் சேவலைப் பாருங்கள்: வயசா, பேன் தொல்லையா, கால் புண்ணா, வெயிலா, பெட்டை பின்பக்கம் மயிர் அடர்ந்திருக்கிறதா. கரு உண்டாகிய பிறகு சாவது வேறு கதை. எல்லா அறையிலும் ஒரே நேரத்தில் அப்படி நடந்தால் இன்குபேட்டர் வெப்பமோ, முட்டையை வைத்திருந்த விதமோ, தாய்க்கோழிக்கான தீவனமோ காரணமாக இருக்கும். ஒரே அறையில் மட்டும், அல்லது ஒரே பெட்டைக்கு மட்டும் வருஷத்துக்கு வருஷம் கூடிக்கொண்டே போனால் அது ரத்தம் குறுகுவதன் அடையாளம். என் 7 முட்டையில் 5 அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தது, அன்றைக்கு எனக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை.

வெளி ரத்தம்

அறை மாற்றுவது குறுகுவதை மெதுவாக்கும், புதிதாக எதையும் உண்டாக்காது. வெளியிலிருந்து ஓர் உருப்படி வந்தால்தான் அகலம் கூடும். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பெரும் பிரெய்ரிக் கோழி என்ற காட்டுப்பறவைக்கு இது நடந்திருக்கிறது. 1962-இல் ஏறத்தாழ 2,000 இருந்தவை 1994-இல் 50-க்கும் கீழே போய்விட்டன, முட்டை பொரிப்பதும் படிப்படியாகக் குறைந்தது. 1992 முதல் மின்னசோட்டா, கான்சாஸ், நெப்ராஸ்காவிலிருந்து அதே இனப் பறவைகளைக் கொண்டுவந்து விட்ட பிறகு பொரிப்பு மறுபடி ஏறியது. வாழ்கிற இடத்தைத் திருத்தியது மட்டும் போதவில்லை, ரத்தமும் வேண்டியிருந்தது.

நாம் செய்ய வேண்டியது: இரண்டு தலைமுறைக்கு ஒருமுறை, தூரத்து ஊர்ச் சிறுவிடை ஒன்று. அதை நேராக எல்லா அறைக்கும் விடாதீர்கள். 30 நாள் தனிமை, பிறகு ஓர் அறையில் மட்டும். அதன் குஞ்சுகளை 6 மாதம் வளர்த்துப் பாருங்கள். உடம்பு திடீரென்று பெருத்தால், கால் தடித்தால், முதல் முட்டைக்கு வந்த இளம் பெட்டைகளான வெடைக்கோழிகள் அடைக்குப் படுக்காமல் இட்டுக்கொண்டே போனால், கலப்பு உள்ளே இருக்கிறது. அந்தக் கிளையை முழுவதும் நிறுத்திவிடலாம், மற்ற மூன்று குடும்பமும் பத்திரமாக இருக்கும். சரியாக இருந்தால் அதன் மகன் வழியாக மற்ற அறைகளுக்குத் தானாகவே போய்ச் சேரும். சேவலாக வாங்குவதா பெட்டையாக வாங்குவதா என்றால், நம்பிக்கையான வீட்டிலிருந்து அடைகாத்த பெட்டை கிடைத்தால் அதைத்தான் எடுப்பேன். அடைகாப்பதைக் கண்ணால் பார்க்க முடியும், சேவலிடம் அதைப் பார்க்க வழியில்லை.

கடைசிப் படி: இரண்டாவது வீடு

எவ்வளவு கணக்குப் போட்டாலும் ஒரு வெள்ளைக்கழிச்சல் வந்தால் ஒரே வாரத்தில் 16-இல் 14 போய்விடும். ராணிக்கேத் என்று அதற்கு இன்னொரு பெயர். குஞ்சுக்கு 7-ஆம் நாள் கண்ணில் சொட்டு மருந்து, 8 வாரத்தில் இறக்கையடியில் ஊசி, அம்மைக்குத் தனி ஊசி, பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கேட்டு அட்டவணை போட்டுக்கொள்ளுங்கள். கால்நடைத் துறை பிப்ரவரி வாக்கில் ஊர்களில் கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துவது வழக்கம், அதைத் தவற விடாதீர்கள்.

ஊசி போட்டாலும் எல்லாக் குடும்பத்தையும் ஒரே வேலிக்குள் வைக்காதீர்கள். நாலு நிறத்திலும் ஒரு ஜோடியாவது வேறு ஊரில், நீங்கள் நம்புகிற ஒருவரிடம் இருக்கட்டும். என் பங்காளி வீட்டில் சிவப்பும் பச்சையும் இருக்கிறது, மனைவியின் ஊரில் மஞ்சளும் நீலமும். கொடுக்கும்போது கோழியோடு நோட்டின் அந்தப் பக்கத்தையும் படம் எடுத்துக் கொடுத்துவிடுகிறேன்: எண், நிறம், தாய், தகப்பன், பொரித்த தேதி. அவர்கள் பணம் தர வேண்டியதில்லை. இரண்டு வருஷம் கழித்து அங்கே பொரித்ததில் ஒரு சேவல் எனக்குத் திரும்பி வர வேண்டும், அதோடு அது எந்தப் பெட்டையின் மகன் என்று ஒரு துண்டுச் சீட்டும்.